ஒயர் போனா, நெட் போனா: ஒரு மச்சினனின் புலம்பல்

வீட்டுல ஒருத்தன் கம்ப்யூட்டர் சம்பந்தமா வேலை பார்த்தா அவனுக்கு நேரும் கொடுமைகள் பத்தி நாம எல்லாருமே ஒரு பதிவாவது தேத்தியிருப்போம். பிரிண்டர் ஓடலையா, அவனைக் கூப்பிடு. டிவில சேனல் வரலையா, அவனைக் கூப்பிடு. மிக்சி சூடாகுதா... சரி, அதுக்கும் அவனையே கூப்பிடு. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். இலையில ரசம் விழறதுக்கு முன்னாடி மாமா ஒரு கொட்டேஷனை எடுத்து முன்னால வெச்சுட்டார்.

"மாப்ள, கடைக்கு நெட்டு போன் போடச் சொல்றான் ஒரு பையன். கையெழுத்துப் போடலாமா வேண்டாமா, நீ சொல்லு. நாளைக்குக் காலைல வர்றான்."

"ஏனுங் மாமா, இருக்கற போனுக்கு என்னாச்சு?"

"அது இருந்தாத்தானே!"

மாமாவுக்கு கோயமுத்தூர்ல பம்புசெட் ஸ்பேர்ஸ் கடை. புஷ், இம்பெல்லர், ஷாப்ட் ஸ்லீவ், கெபாசிட்டர், வைண்டிங் ஒயர், இத்யாதி. அவரையும் சேர்த்து எட்டுப் பேர். வாடிக்கையாளர்னு பார்த்தா கடைக்கு நேர்ல வர்றவங்களை விட பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், பாலக்காடு பக்கமிருந்து போன் பண்ற மெக்கானிக்குகள்தான் அதிகம். போன்ல சொன்னா சாயங்காலம் பஸ்ஸில பார்சல் போயிரும். ஆக போன் இல்லைன்னா பாதிக்கடை இல்லை. அந்த போன் மழைக்காலத்துல 19 நாள் செத்துக் கிடந்தது. ரோட்டுல எதுக்கோ பள்ளம் தோண்டின பொக்லைன் கேபிளை அறுத்துட்டுப் போயிருச்சு. குழி நிறைய தண்ணி. இருநூறு ஜோடி கம்பி இருக்கற பழைய கேபிள்ல ஒவ்வொரு ஜோடியாத் தேடி ஒட்டணும், ஒட்டின இடத்துல ஈரம் இறங்கினா மறுபடியும் கொரகொர. வந்த லைன்மேன் நல்ல மனுஷன்தான். ஒத்தை ஆளா என்னத்தப் பண்ணுவார்?

எட்டாவது நாள் தாராபுரத்து மெக்கானிக் ஒருத்தர் நேர்லயே வந்து, "என்னங்ணா கடையைச் சாத்திட்டீங்களோன்னு நெனச்சேன்"னு சொன்னாராம். மாமாவுக்கு அதுதான் சுருக்குன்னு இருந்திருக்கு. வந்தவர் ஒருத்தர். வராம வேற கடைக்குப் போனவங்க எத்தனை பேர்னு கணக்கே கிடையாது.

அந்த நம்பரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். (கொசுவர்த்திச் சுருள் சுத்துது, பொறுத்துக்கங்க.) மாமாவோட அப்பா எண்பதுகள்ல வாங்கின நம்பர் அது. அப்பல்லாம் போனுக்கு எழுதிப் போட்டுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். டெபாசிட் கூடுதலாக் கட்டினா சீக்கிரம் கிடைக்கும்னு ஓ.ஒய்.டி.ன்னு ஒரு திட்டம் இருந்தது. பெரியவர் பாத்திரம் பண்டம் அடகு வெச்சு அதுல பணம் கட்டினதா அக்கா சொல்லுவா. ஆறு இலக்கமா இருந்தது, 2000களின் ஆரம்பத்துல முன்னாடி ஒரு 2 சேர்ந்து ஏழு இலக்கமாச்சு. அந்த நம்பர் பில் புக்குல மட்டும் இல்லை. ஒவ்வொரு தோட்டத்துலயும் மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டர் பெட்டிக்கு உள்பக்கம் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கர் உரிஞ்ச இடத்துல சுவத்துலயே கரியால எழுதி வெச்சிருப்பாங்க. விடியக்காலைல மூணு பேஸ் கரண்ட் வந்து மோட்டார் ஓடலைன்னா, விவசாயி ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கறார், நம்பர் கண்ணுல படுது. பழைய ஸ்டிக்கர்ல அந்த 2 இருக்காது. மெக்கானிக்குகளே சேர்த்துப் போட்டுக்குவாங்க. எந்த ஏஜென்சியும் இந்த மாதிரி விளம்பரம் செஞ்சு தர முடியாது. கொங்கு மண்டலத்துல எத்தனை மோட்டார் ரூம்ல அந்த நம்பர் இருக்குன்னு மாமாவுக்கே தெரியாது.

இப்ப கொட்டேஷனுக்கு வர்றேன். அதுல என்ன இருந்ததுன்னா: புது நம்பர் ஒண்ணு, அழைச்சவுடனே பேசற மெஷின் குரல், "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்", அப்புறம் விற்பனைக்கு ஒண்ணு, கணக்குக்கு ரெண்டு, சர்வீசுக்கு மூணு. எல்லா காலும் ரெக்கார்டு ஆகும். எட்டுப் பேர் மொபைல்லயும் ஆப் போட்டுக்கலாம். ஒரு ஆளுக்கு மாசம் இவ்வளவு வாடகை. இது போக, வேணும்னா 1800 நம்பர். "கஸ்டமருக்கு இலவசம்"னு தடித்த எழுத்துல போட்டிருந்தான். அந்த இலவசத்துக்கு நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு கட்டப்போறது மாமாதான்ங்கறது மெல்லிசா கீழே இருந்தது. கடைசி வரியில "ரிசப்ஷனிஸ்ட் செலவு மிச்சம்".

அந்தக் கடைசி வரியில இருந்துதான் எனக்கு எரிச்சல் ஆரம்பிச்சது. அதை அப்புறம் சொல்றேன். முதல்ல தொழில்நுட்பம், நியாயமா ரெண்டு பக்கமும்.

பழைய ஒயர் போன் ஒரு வகையில பெரிய அதிசயம். அதுக்குத் தேவையான கரண்ட் எக்ஸ்சேஞ்சுல இருந்து அதே ரெண்டு கம்பி வழியா வருது. 48 வோல்ட் டிசி. அங்க ரூம் நிறைய பேட்டரி, அதுக்குப் பின்னால டீசல் ஜெனரேட்டர். உங்க வீட்டுல கரண்ட் இருக்கா இல்லையான்னு போனுக்குக் கவலை இல்லை. (ஸ்கூல் படிக்கறப்ப ரோசெட்டைக் கழட்டி உள்ள நோண்டும்போது சரியா யாரோ கூப்பிட்டாங்க. மணி அடிக்கறதுக்கு வர்றது 48 இல்லை, 75க்கு மேல ஏசி. கை விரல் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கு.) 2012ல நம்ம ஊர்ல ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. லேத்து பட்டறைகள் எல்லாம் ராத்திரி ஷிப்ட் பார்த்த காலம். அப்ப மாமா கடைல மெழுகுவர்த்தி வெச்சு பில் போட்டாங்க, ஆனா போன் அடிச்சுக்கிட்டே இருந்தது. கார்ட்லெஸ் போன் வாங்கி ஸ்டைல் காட்டின பக்கத்துக் கடைக்காரர்தான் கரண்ட் போனதும் மாமா கடைக்கு வந்து பேசுவார்.

நெட் போன்ல அந்தச் சமாச்சாரம் இல்லை. பேச்சைத் துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் விலாசம் ஒட்டி, இன்டர்நெட்ல அனுப்பி, அந்தப் பக்கம் கோத்துக் கேக்கறோம். கடைல இருக்கற மோடம், ரவுட்டர், போன் எல்லாத்துக்கும் கரண்ட் வேணும். எதாவது ஒண்ணு அணைஞ்சாலும் பேச்சு கட்.

ஆனா "நெட் போன்னா குரல் தெளிவா இருக்காது"ன்னு சொல்றவங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்காங்க. டெலிபோன் தரத்துல ஒரு கால் போக ஒரு பக்கத்துக்கு 64 கிலோபிட், விலாசம் ஒட்டற சுமையெல்லாம் சேர்த்து 90க்குள்ள. அஞ்சு பேர் ஒரே நேரத்துல பேசினாலும் அரை மெகாபிட் போதும். இன்னிக்கு பெட்டிக்கடை ஃபைபர் கனெக்‌ஷனே அதைப் போல நூறு மடங்கு தருது. சிக்கல் வேகத்துல இல்லை, தாமதத்துல இருக்கு. பேசினது அந்தப் பக்கம் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்கு மேல ஆக ஆக ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் பேச ஆரம்பிச்சிருவாங்க. அப்புறம் "ஹலோ... நீங்க சொல்லுங்க... இல்ல நீங்க சொல்லுங்க"தான். அந்தப் பையன் காட்டின டெமோல இதேதான் நடந்தது. காரணம் அவன் சாமான் இல்லை, மாமாவோட சிசிடிவி. நாலு கேமராவும் நாள் பூரா படத்தை வெளியே எங்கேயோ ஏத்திக்கிட்டே இருக்கு. மேல போற பாதையை அது அடைச்சுக்கிட்டா குரலுக்கு எங்க வழி? ரவுட்டர்ல குரலுக்கு முதல் மரியாதை குடுக்கற ஒரு செட்டிங்கை மாத்தினேன். சரியாப் போச்சு. பையன் என்னை அப்புறம் "சார்" போட்டுப் பேசினான் :-)

சட்டம்? இது நம்ம ஊர்ல ரொம்ப நாள் இடியாப்பச் சிக்கல். 2002 ஏப்ரல் 1ல இன்டர்நெட் டெலிபோனியை அனுமதிச்சாங்க. ஆனா இன்டர்நெட் கம்பெனி மூலமா கம்ப்யூட்டர்ல இருந்து அமெரிக்கா லேண்ட்லைனுக்குப் பேசலாம், அவினாசி லேண்ட்லைனுக்குப் பேசக் கூடாது! 2018லதான் உரிமம் வெச்சிருக்கற தொலைபேசி கம்பெனிகள் இன்டர்நெட் வழியா முழுசா சேவை குடுக்கலாம்னு தெளிவாச்சு. அதனால இப்ப உரிமம் உள்ள இடத்துல வாங்கினா பயமில்லை. "பாதிக் காசுல பேசலாம் சார்"னு சிம் கார்டு அடுக்கின பொட்டியோட எவனாவது வந்தா மட்டும் வாசல்லயே அனுப்பிருங்க. அவன் போலீஸ்ல மாட்டும்போது உங்க விலாசமும் பேப்பர்ல வரும்.

இப்ப எரிச்சலுக்கு வருவோம்.

கடைல போன் எடுக்கறதுக்கு ஒரு அக்கா இருக்காங்க. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பேர் வேண்டாம், அவங்க இதைப் படிச்சா வெக்கப்படுவாங்க. ஒரு சனிக்கிழமை காலைல போய் அவங்க பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தேன். மத்தியானத்துக்குள்ள நாப்பது கால் தாண்டிருச்சு. பாதிப் பேர் பேரே சொல்லலை. "அக்கா, போன தடவை வாங்கினனே, அதே." அவ்வளவுதான். அக்கா உடனே, "அஞ்சு ஹெச்பி மோனோபிளாக் புஷ்ஷா? ரெண்டு சேத்து வாங்கிக்க, அந்தத் தோட்டத்துல மண்ணு வருதுன்னியே"ங்கறாங்க. ஒருத்தர் பார்ட் பேர் தெரியாம, "அந்த வளையமா இருக்குமே, தண்ணி ஒழுகாம, கறுப்பா..."ன்னு இழுக்கறார். அக்கா சைசோட சொல்றாங்க. இன்னொருத்தர்கிட்ட, "மொதல்ல பழைய பாக்கி ஆயிரத்து எறநூறைக் குடுத்துட்டு அப்புறம் கேளு கண்ணு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லி வெச்சாங்க. அன்னிக்குச் சாயங்காலமே அவர் பணம் போட்டுட்டார்.

இந்த அக்காவை எடுத்துட்டு "விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும்"னு வெக்கச் சொல்றான். மெக்கானிக் கிணத்து மேட்டுல கை பூரா கிரீஸோட நின்னுக்கிட்டு, போனைத் தோள்ல இடுக்கிப் பேசறான். அவன் எந்த விரல்ல ஒண்ணை அழுத்துவான்? இருபது செகண்ட் மெஷின் குரலைக் கேட்டான்னா வெச்சுட்டு அடுத்த கடைக்குப் போட்ருவான். பெரிய பேங்க்காரன் பண்ணினா நாம பொறுத்துக்கறோம், ஏன்னா நம்ம பணம் அவன்கிட்ட இருக்கு. மாமாகிட்ட யாரோட பணமும் இல்லை. எட்டுப் பேர் கடைக்கு மெஷின் குரல் ஒரு போலிக் கவுரவம். "நாங்களும் பெருசுதான்"னு காட்டிக்கற ஆசை. வந்து நின்ன வாடிக்கையாளரை வாசல்ல நிறுத்தி டோக்கன் குடுக்கற மாதிரி.

இதை மாமாகிட்ட சொன்னேன். அவர் சொன்ன பதில்ல எனக்கே வாய் அடைஞ்சு போச்சு.

"மாப்ள, அக்கா இருக்கட்டும், யார் வேண்டாம்னா? ஆனா கொரோனா சமயத்துல என்னாச்சுன்னு மறந்துட்டியா?"

மறக்கலை. 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவிச்சாங்க. கடையைப் பூட்டிட்டு வந்ததுதான். விவசாயம் நிக்கலை, மோட்டார் எரியறதும் நிக்கலை. ஏப்ரல் வெயில், வாழை காயுது. பூட்டின கடைக்குள்ள போன் அடிச்சுக்கிட்டே இருந்ததாம். வாட்ச்மேன் சொல்லுவாராம், "நாள் பூரா அடிக்குதுங்க, கேக்கவே பாவமா இருக்குது"ன்னு. மாமா வீட்டுல சும்மா உக்காந்திருக்கார், அக்கா அவங்க வீட்டுல சும்மா இருக்காங்க, ரெண்டு பேர்கிட்டயும் மொபைல் இருக்கு. ஆனா அடிக்கற மணிக்கும் இவங்களுக்கும் நடுவுல ஒரு ஷட்டர். காலை வேற நம்பருக்குத் திருப்பி விடணும்னா கடை போன்லயே நாலு கோடு அழுத்திட்டு வந்திருக்கணும். யாருக்குத் தெரியும், சாத்தின கடை அத்தனை நாள் திறக்காதுன்னு?

நெட் போனா இருந்தா அது வீட்டுலயே அடிச்சிருக்கும். இதுல வாதமே இல்லை. இன்னொண்ணும் மாமா சொன்னார். அக்கா ஒருத்தர்கிட்ட பேசிட்டு இருக்கும்போது யார் யார் கூப்பிட்டு எங்கேஜ்னு திரும்பிப் போனாங்கன்னு ஒயர் போன்ல தெரியவே தெரியாது. நெட் போன்ல பட்டியலே வரும், திரும்பக் கூப்பிடலாம். வியாபாரிக்கு இது சின்ன விஷயமில்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு நண்பர் மூணு ஊர்ல ரத்தப் பரிசோதனை லேப் வெச்சிருக்கார். நெட் போனுக்கு மாறினதுக்கு அப்புறம் எந்தக் கிளைக்குக் கால் வந்தாலும் காலியா இருக்கற ஆள் எடுக்கறாங்க. அவருக்கு அது நூத்துக்கு நூறு சரி. அவர் கடை அப்படி.

அதே சமயம் இன்னொரு கதையும் இருக்கு. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு சின்னக் கம்பெனில ஆர்வக்கோளாறுல நானே ஒரு நெட் எக்ஸ்சேஞ்ச் போட்டேன். ஆஸ்டரிஸ்க்னு இலவச மென்பொருள், 1999ல மார்க் ஸ்பென்சர்னு ஒருத்தர் தன் கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசில்லாம எழுத ஆரம்பிச்சது. அருமையான சாமான். ஆனா நான் 101ங்கற எக்ஸ்டென்ஷனுக்கு 101ன்னே பாஸ்வேர்ட் வெச்சிருந்தேன். (சிரிக்காதீங்க.) ஒரு சனிக்கிழமை ராத்திரி எவனோ வெளியில இருந்து உள்ள பூந்து, திங்கக்கிழமை காலை வரைக்கும் பேர் கூடக் கேள்விப்படாத தேசங்களுக்கு எங்க செலவுல கால் போட்டுத் தள்ளியிருக்கான். அந்த மாதிரி நம்பருக்குக் கால் போனா அந்தப் பக்கம் அவனுக்குப் பங்கு கிடைக்கும், அதுதான் தொழிலே. பில் வந்தன்னிக்கு என் முதலாளி என்னைத் திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப வலிச்சது. ஒயர் போன்ல இப்படித் திருடணும்னா திருடன் கம்பத்துல ஏறணும். நெட் போன்ல படுத்துக்கிட்டே திருடலாம். அதனால யார் போட்டுக் குடுத்தாலும் வெளிநாட்டுக் காலை முதல் நாளே பூட்டச் சொல்லுங்க. பம்புசெட் புஷ்ஷுக்கு எதுக்கு வெளிநாடு?

இவ்வளவும் யோசிச்சப்ப எனக்குத் தோணினது, ஒயரா நெட்டாங்கறதை விட நம்பர் யாருதுங்கறதுதான் பெரிய கேள்வி. மொபைல்ல 2011 ஜனவரி 20ல இருந்து நாடு முழுக்க நம்பரை மாத்தாம கம்பெனியை மாத்திக்கலாம். லேண்ட்லைனுக்கு நம்ம நாட்டுல அந்த வசதி இல்லை. கம்பெனி மாறினா நம்பர் போச்சு. அந்தக் கொட்டேஷன்படி போனா, நாப்பது வருஷ நம்பரை விட்டுட்டு வாடகை நம்பருக்குப் போகணும். வாடகை நிறுத்தினா அதுவும் போயிரும். அந்தக் கம்பெனி கடையைச் சாத்தினா? ஸ்கைப் ஞாபகம் இருக்கா? 2003ல வந்தது. நம்ம பதிவர் சந்திப்புக்கு அமெரிக்காவுல இருந்து அதுலதான் கூப்பிடுவாங்க. "இனிமே போன் கம்பெனியே இருக்காது"ன்னு நானே ஒரு பதிவு போட்டு, பின்னூட்டத்துல பெருமையா அடிச்சுக்கிட்டேன். 2025 மே 5ல அதை மூடிட்டாங்க. போன் கம்பெனி இன்னும் இருக்கு. அத்தனை பெரிய மைக்ரோசாஃப்ட் கைலயே அது நிலைக்கலைன்னா, போன வருஷம் ஆரம்பிச்ச கம்பெனி நம்பரை நான் எந்த தைரியத்துல ஸ்டார்ட்டர் பெட்டில ஒட்டச் சொல்றது?

இன்னொரு தலைவலி. புதுசா ஒரு நம்பர்ல இருந்து கால் வந்தா இப்ப யார் எடுக்கறா? லோன் வேணுமா, மனை வேணுமான்னு கேட்டுக் கேட்டு ஜனங்களுக்கு வெறுத்துப் போச்சு. 2024 ஆகஸ்டுல, பதிவு பண்ணாம விளம்பரக் கால் போடறவங்களோட மொத்த இணைப்புகளைத் துண்டிக்கச் சொல்லி ட்ராய் உத்தரவே போட வேண்டியதாச்சு. பழைய 0422 நம்பர்ல இருந்து கால் போனா, "பம்பு கடை"ன்னு எடுப்பாங்க.

கடைசியில நான் சொன்ன யோசனை இது. ரெண்டும் கலந்த கட்டி. ஒயர் லைனைக் குடுத்த அதே கம்பெனிகிட்ட, அதே நம்பரை ஃபைபருக்கு மாத்தித் தரச் சொல்றது. எங்க ஏரியாவுல முடியுமான்னு எக்ஸ்சேஞ்சுக்கே போய்க் கேட்டோம். முடியும்னாங்க. நம்பர் மாறாதுன்னு எழுதி வாங்கிக்கிட்டோம் (வாய் வார்த்தையா மட்டும் வாங்காதீங்க). ஃபைபர் பொட்டிக்குப் பின்னால பழைய போன் மாட்டற ஓட்டை ஒண்ணு இருக்கும். அதுல இருந்து ஒயர் எடுத்து, கடைல ஏற்கனவே இருக்கற ரெண்டு லைன் எட்டு எக்ஸ்டென்ஷன் ஈபிஏபிஎக்ஸ்ல சொருகிட்டா வேலை முடிஞ்சது. உள்ளுக்குள்ள அது நெட் போன்தான், அக்காவுக்கு அதே போன்தான். கரண்டுக்கு, ரவுட்டருக்குன்னே வர்ற சின்ன யுபிஎஸ். ரெண்டு மூணு மணி நேரம் தாங்கற மாதிரி பார்த்து வாங்கினா போதும், அதுக்கு மேல கடையோட இன்வெர்ட்டர் இருக்கு. கேபிள் மறுபடி அறுந்தா? ஃபைபரும் அறுபடும், அதுக்கும் பொக்லைன் ஒண்ணுதான். ஆனா அறுந்த ஃபைபரை மெஷின்ல வெச்சு ஒட்டறது ஒரு நாள் வேலை, இருநூறு ஜோடியில நம்ம ஜோடியைத் தேட வேண்டியதில்லை. அதுவரைக்கும் காலை அக்காவோட மொபைலுக்குத் திருப்பி விடணும். அதுக்கு கடைக்காசுல அக்காவுக்கு ஒரு மொபைல். இதை நான் பேச்சோட பேச்சா நுழைச்சேன். மாமா ஒரு நிமிஷம் முறைச்சார், அப்புறம் சரின்னுட்டார்.

இன்னொரு டிப்ஸ், நிறைய பேருக்குத் தெரியலை: வாட்ஸாப் பிசினஸை லேண்ட்லைன் நம்பர்லயே பதிவு பண்ணலாம். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலா கால் வரும், ஒரு குரல் ஆறு இலக்கம் சொல்லும், அதைப் போட்டா முடிஞ்சது. மெக்கானிக் உடைஞ்ச பார்ட்டை போட்டோ எடுத்து அதே பழைய நம்பருக்கு அனுப்பலாம். "கறுப்பா வளையமா"ன்னு வர்ணிக்க வேண்டாம். மெஷின் குரல் வெச்சிருக்கற கடைக்காரர் இதைப் பண்ணினா, வாட்ஸாப் குரல் கோடு சொல்ல, கடைக் குரல் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்"ங்க, ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துப் பேசிட்டு வெச்சிரும்.

செலவுன்னு பார்த்தா, சின்ன யுபிஎஸ்ஸும் அக்கா மொபைலும்தான் புதுச் செலவு. மாச வாடகை ஏற்கனவே கட்டற நெட் பில்லோட சேர்ந்துருது. கொட்டேஷன் பையன்கிட்ட பக்குவமா சொல்லி அனுப்பினோம். பாவம், அவனுக்கும் டார்கெட்டு இருக்கும். ரெண்டாவது கிளை போட்டா கூப்பிடறேன்னு மாமா சொல்லியிருக்கார், நிஜமாவே கூப்பிடலாம்.

என் பக்கத்து ஓட்டையையும் சொல்லிடறேன். தவறின கால் பட்டியல் இந்த ஏற்பாட்டுல கிடைக்காது. ரெண்டாவது லைன் ஒண்ணு சேர்த்துப் போட்டு, முதல் லைன் எங்கேஜ்னா அதுல விழற மாதிரி செய்யச் சொல்லியிருக்கேன். பாதி மருந்துதான். மாமாவுக்கு இதுல இன்னும் மனக்குறை. "அப்ப யார் திரும்பிப் போனான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, அப்படித்தானே?"ன்னு மறுபடியும் கேட்டார். அப்படித்தான் மாமா.

வர்ற வியாழக்கிழமை லைன் மாத்த ஆள் வர்றாங்க. போன வாரம் கடைக்குப் போனப்ப அக்கா போனைத் துடைச்சுக்கிட்டே கேட்டாங்க, "தம்பி, இதுல இன்னும் மொபைலுக்கு முன்னாடி சைபர் போடணுமா?" 2021 ஜனவரி 15ல அந்த விதி வந்தப்ப, அவங்க நோட்டுல எழுதி வெச்சிருந்த அத்தனை மெக்கானிக் நம்பருக்கும் முன்னாடி சிவப்பு மையில ஒரு சைபர் போட்டவங்க. போடணுங்க அக்கான்னேன். "அப்ப நோட்டு மாத்த வேண்டாம்"னு சொல்லிட்டு அடிக்கற போனை எடுத்தாங்க.

மக்களே, ஃபைபர்ல இருந்து பழைய ஈபிஏபிஎக்ஸுக்குக் குடுத்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பேசி முடிச்சு வெச்சதுக்கு அப்புறமும் லைன் விடாம தொங்குதுன்னு ஒருத்தர் பயமுறுத்தறார். வியாழக்கிழமைக்குள்ள சொன்னா புண்ணியமாப் போகும்.